சரிண்ணே

கூலிம் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த, எண்ணெய் எடுக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் லோகேஸ்வரன். இதை அவன் தானாக யாரிடமும் சொல்ல மாட்டான். ஆனால் யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று காத்திருப்பான். கேட்டுவிட்டால் போயிற்று, கணினி அறிவியல், முதல் வகுப்பு, இறுதியாண்டு ஆய்வு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு விடுவான்.

சர்வரில் ஒன்று மாறினால் அது பார்ப்பவருடைய திரைக்கு உடனுக்குடன் எப்படிப் போய்ச் சேருகிறது, அதற்கு எத்தனை வழி, எந்த இடத்துக்கு எந்த வழி பொருந்தும் என்பதுதான் அந்த ஆய்வு. தோட்டத்தில் ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவன் அப்பா முனுசாமி மட்டும், "பந்து விளையாட்ட நேரா டிவியில காட்றான்ல, அந்த மாதிரி" என்று ஆளாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு தப்பான விளக்கமும் இல்லை.

வேலை கிடைத்தது ஜார்ஜ் டவுனில். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நடந்துவந்த சின்ன மென்பொருள் நிறுவனம். முதலாளி ஜாஹிர், மூன்று தலைமுறையாகப் பினாங்கில் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டில் படித்தவர். நேர்காணலுக்குச் சட்டைக் கழுத்துப் பித்தானைப் போட்டு மூச்சு முட்ட உட்கார்ந்திருந்த லோகேஸ்வரனை அவர் ஆங்கிலத்தில் கொஞ்சம் கேட்டுவிட்டு, சட்டென்று தமிழுக்கு வந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கூலிம் பக்கம் சார். எஸ்டேட்."

"சாரா? இங்க சார் கீர் எல்லாம் கிடையாது லா. அண்ணேன்னு கூப்பிடு. நம்ம பிள்ளைங்கள நாமளே பாக்கலேன்னா வேற யாரு பாப்பா?"

அன்றைக்குக் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் படகில் லோகேஸ்வரன் உட்காரவே இல்லை. வேலை கிடைத்தது ஒரு பங்கு சந்தோஷம் என்றால், தம்பி என்று ஒருவர் கூப்பிட்டது ஒன்பது பங்கு. பல்கலைக்கழகத்தில் அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே அவன் 'அந்த எஸ்டேட் பையன்'.

முதல் ஆறு மாதம் ப்ரொபேஷன், அதன் பிறகு நிரந்தரம் என்று பேச்சு. அந்த நிரந்தரத்தின் மேல்தான் வீட்டில் எல்லாமே நின்றுகொண்டிருந்தது. தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளி மரங்களை வெட்டி வீட்டுமனை போடப்போகிறார். தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள் ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். லோகேஸ்வரன் பட்டர்வொர்த்தில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டு அறை, அம்மாவுக்குப் பிடித்த மாதிரி சமையலறையில் ஜன்னல். வீட்டுக்காரம்மா ஒரே நிபந்தனை போட்டாள்: வேலை கன்ஃபர்ம் ஆனவனுக்குத்தான் சாவி. முன்பு குடியிருந்த ஒருவன் வேலை போய், வாடகை கொடுக்காமல் ஓடிப்போனானாம்.

"அந்தக் கண் ஆஸ்பத்திரி வேலை முடியட்டும்பா. முடிஞ்சதும் கன்ஃபர்ம், அடுத்த நாளே சாவி" என்று லோகேஸ்வரன் அப்பாவுக்குச் சொல்லியிருந்தான். முனுசாமி அன்றே பாதி சாமானைக் கட்டி வைத்துவிட்டார்.

கண் ஆஸ்பத்திரி என்றது செபராங் ஜெயாவில் இருக்கும் ஒரு தனியார் மையம். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கூடம் நிறைய வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எண் வந்தால் உள்ளே போக வேண்டும். கவுண்டரில் எண்ணை மாற்றினால் கூடத்துத் திரை மாற வேண்டும், குரல் எண்ணைச் சொல்ல வேண்டும், கீழே டீ குடிக்கப் போன பேரனின் கைபேசியிலும் அதே எண் வர வேண்டும். இவ்வளவுதான் வேலை. மையத்தின் நிர்வாகி ஹபீபா பீவி முதல் சந்திப்பிலேயே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்:

"கவுண்டர்ல ஒரு நம்பர், ஹாலுல ஒரு நம்பர்னு இருந்துச்சு, அந்தக் கிழவிங்க உங்கள ஒன்னும் சொல்ல மாட்டாங்க. என்னைத்தான் பிச்சிப் போடுவாங்க."

லோகேஸ்வரனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இதற்காகத்தானே படித்தான்! நாடு முழுக்கத் தேடினாலும் அவனுடைய ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

எந்த வழியில் தரவை அனுப்புவது என்ற பேச்சு அலுவலகத்தில் நடக்கவில்லை. ஜாஹிர் முக்கியமான எதையும் அலுவலகத்தில் பேச மாட்டார். கீழே, தெரு திரும்பினால் இருக்கும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"வெப்சாக்கெட்னு முடிவு பண்ணிட்டேன் தம்பி."

"அண்ணே, அது வேணாம்ணே."

"ஏன்?"

லோகேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "இந்தக் கடையவே வச்சுக்குங்க. நான் ரொட்டி சொல்லிட்டு, நிமிசத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சுப் போயி 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேட்டா அது போலிங்."

"கரண்டியாலயே போடுவான்."

"அதான். சர்வரும் அப்படித்தான் கடுப்பாகும். சரி, கல்லுக்குப் பக்கத்துலயே போயி நின்னுக்கறேன். ரொட்டி வர்ற வரைக்கும் நகர மாட்டேன். வாங்கின உடனே அடுத்த ரொட்டிக்குத் திரும்பப் போயி நிக்கறேன். அது லாங் போலிங். இப்ப மூணாவது. நான் பாட்டுக்கு இங்க உக்காந்திருக்கேன், ரொட்டி ஆக ஆக அவரு அங்கேருந்தே குரல் கொடுக்கறாரு. அது எஸ்எஸ்இ. நமக்குக் காதத் திறந்து வச்சிருக்கறது மட்டும்தான் வேலை."

"வெப்சாக்கெட்?"

"நானும் அவரும் ஆளுக்கொரு போன காதுல வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டே இருக்கறது. பேச விசயம் இருந்தா அத விட்டா வேற கிடையாது. ஆனா நம்ம ஆஸ்பத்திரியில யாருண்ணே திருப்பிப் பேசப்போறா? நம்பர் அங்கேருந்து வருது, இவங்க பாக்கறாங்க."

ஜாஹிர் கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். லோகேஸ்வரன் விடவில்லை. "அவங்க சர்வருக்கு முன்னால ஒரு பிராக்ஸி வச்சிருக்காங்கண்ணே. போறது வர்றது எல்லாம் அது வழியாத்தான். கொஞ்ச நேரம் ஒன்னும் போகலேன்னா லைன வெட்டிடும். எஸ்எஸ்இ அறுந்தா பிரவுசரே தானாத் திரும்பக் கூப்பிடும். கடைசியா இது வரைக்கும் வாங்கினேன், மிச்சத்தக் குடுன்னு கேக்கும். வெப்சாக்கெட்ல அதெல்லாம் நாமதான் எழுதணும். உயிரோட இருக்கியான்னு அப்பப்ப தட்டிப் பாக்கணும், அறுந்தாத் திரும்பக் கட்டணும். அதுதான் வேணும்னா எழுத டைம் குடுங்க, எழுதறேன்."

"நீ சொல்றது ரைட்டு தம்பி. நூத்துக்கு நூறு ரைட்டு" என்றார் ஜாஹிர். "ஆனா நான் பிரசன்டேஷன்ல டூ-வேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு சாட் வப்போம், பேஷண்ட் டாக்டர்கிட்ட கேள்வி கேக்கலாம்னு சொல்லிட்டேன். இப்பப் போயி ஒன்-வேன்னு சொன்னா, பாதிதான் தர்றீங்களான்னு கேப்பாங்க. திறப்பு விழாவுக்குத் தேதி வேற வச்சாச்சு. அந்தத் தட்டிப் பாக்கறது, திரும்பக் கட்டறது எல்லாம் ஃபேஸ் டூல பாத்துக்கலாம் லா."

"அண்ணே, அது ஃபேஸ் டூ இல்லண்ணே. அது அடித்தளம்."

"தே ஆறிடும், குடி."

மாலையில் கைபேசியில் செய்தி வந்தது. வெப்சாக்கெட், ரீகனெக்ட் ஃபேஸ் டூ, கன்ஃபர்மா தம்பி? லோகேஸ்வரன் படகுக்கு நின்றுகொண்டிருந்தான். கட்டை விரலால் ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினான். சரிண்ணே.

ஜாஹிர் அனுப்பும் எல்லாச் செய்திக்கும் அவனுடைய பதில் அதுதான். அவன் வளர்ந்த வீட்டில் 'சரி' என்றால் காதில் விழுந்தது என்று பொருள். முனுசாமி, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சொன்ன எல்லாவற்றுக்கும் 'சரிங்க' என்பார். பிறகு தனக்குத் தெரிந்தபடி வேலையை முடிப்பார். அம்மா ஆயிரம் சொன்னாலும் பிள்ளைகள் 'சரிம்மா' என்றுவிட்டு வெளியே ஓடுவார்கள். பெரியவர் ஒருவர் பேசி முடித்தால் சும்மா இருக்கக்கூடாது, அதற்காக ஒரு சொல். அதை ஒப்புதல் என்று அங்கே யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

அடுத்த மேசை இர்வானிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். இர்வானுக்கு அப்பா வழியில் தமிழ், அம்மா வழியில் மலாய். இரண்டிலும் நக்கலாகப் பேசுவான்.

"ஈமெயில் போடு ப்ரோ. பிளாக் அண்ட் வைட்ல இருக்கணும். டீக்கடையில சொன்னது டீயோட போச்சு."

"அண்ணனுக்கு யாராச்சும் ஈமெயில் போடுவாங்களா? நாளைக்கு மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"உங்க அண்ணன் தம்பி பாலிசியெல்லாம் எனக்குத் தெரியாது லா. எனக்கு அவரு பாஸ். நான் இருமினாக்கூட அவருக்கு சிசி போடுவேன்."

லோகேஸ்வரன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். தனக்கு அண்ணன் கிடைத்த பொறாமை இர்வானுக்கு என்றுகூட அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது.

திறப்பு விழாவில் எல்லாம் பளபளவென்று நடந்தது. கவுண்டரில் எண்ணைத் தட்டினால் கூடத்தில் மாறியது, கைபேசியில் மாறியது. ஹபீபா பீவி லோகேஸ்வரனைத் தேடி வந்து, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். அந்த வாரத்தில் எந்தக் குறையும் இல்லை. காலை முதல் மாலை வரை எண் ஓடிக்கொண்டே இருந்ததால் இணைப்பு சும்மா கிடக்கவே இல்லை.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்காக இடைவேளை நீளம். கவுண்டரை மூடிவிட்டுப் போனார்கள். எண் அசையவில்லை. இணைப்பில் ஒன்றும் போகவில்லை. நடுவில் நின்ற பிராக்ஸி, இது செத்த லைன் என்று ஒவ்வொன்றாக வெட்டிவிட்டது, சத்தமில்லாமல். தொழுகை முடிந்து வந்து கவுண்டரில் எண்ணைத் தட்டினார்கள். கவுண்டரில் மாறியது. கூடத்துத் திரையில் காலையின் கடைசி எண் அப்படியே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. குரலும் வரவில்லை.

கூடத்தில் இருந்தவர்களுக்கு மருந்து விட்ட கண். எதிரே இருப்பவர் முகமே தெரியாது. காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களோ, எண் போட்டும் ஆள் வரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்கள் போல என்று ஒவ்வொருவராக வரவில்லைக் கணக்கில் தள்ளிக்கொண்டே போனார்கள். டாக்டர் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் ஒரு பாட்டியின் மகள் எழுந்து போய்க் கேட்டாள். அதன் பிறகு அவள் கேட்ட விதத்தை யாரோ படம் பிடித்து முகநூலில் போட்டார்கள். மாலைக்குள் செபராங் முழுக்கப் பார்த்துவிட்டது.

திங்கட்கிழமை விசாரணை. தன் காடியை ஓட்டிக்கொண்டே ஜாஹிர் லோகேஸ்வரனின் தோளைத் தட்டினார். "நீ டென்ஷன் ஆகாத தம்பி. நான் பேசிக்கறேன்."

ஹபீபா பீவி ஒரு பக்கம், இவர்கள் இருவரும் மறுபக்கம். ஹபீபா பீவியின் முகத்தில் விழா நாள் சிரிப்பு இல்லை. "யாரு இந்த வழிய முடிவு பண்ணினது? லைன் அறுந்தா என்ன ஆகும்னு ஒருத்தருக்குமா தோணல?"

ஜாஹிர் தொண்டையைச் செருமினார். "மேடம், டெக்னிக்கல் விசயமெல்லாம் மிஸ்டர் லோகேஸ்வரன் பொறுப்பு. அவரு இந்த ஃபீல்டுலயே ரிசர்ச் பண்ணினவரு. ரிஸ்க் இருக்குன்னா அவருதான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

லோகேஸ்வரன் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். வந்த நாள் முதல் 'வா', 'போ', 'குடி' என்று பேசியவர், இன்றைக்குத்தான் முதல் முறையாக அவனுக்கு 'ர்' போட்டுப் பேசினார். மரியாதை கொடுத்து ஒருவனை இவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"சொன்னேன் மேடம்" என்றான்.

"எதுல சொன்னீங்க? மெயில்லயா?"

"இல்ல. வாயால. கடையில."

"மேடம், வாயால ஆயிரம் பேசுவோம்" என்ற ஜாஹிர் கைபேசியை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார். "நான் கன்ஃபர்மான்னு கேட்டிருக்கேன். இவரு என்ன போட்டிருக்காருன்னு நீங்களே பாருங்க."

ஹபீபா பீவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரே சொல்தான், ஆனாலும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லோகேஸ்வரனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்குப் புரியுது தம்பி. எங்க வீட்டுலயும் எல்லாம் சரி சரின்னுதான் தலையாட்டுதுங்க, ஒன்னும் செய்யறதில்ல. ஆனா நான் மேலிடத்துக்கு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதணும். இத நான் என்னன்னு மாத்தி எழுதறது?"

முதல் வகுப்புப் பட்டதாரிக்கு இரண்டு மொழியிலும் அந்த ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லை. ஹபீபா பீவி பேனாவை எடுத்து 'அக்ரீட்' என்று எழுதினார்.

திரும்பும்போது, பாலம் பாதி கடந்ததும், ஜாஹிருக்குப் பழைய குரல் வந்தது.

"மனசுல வச்சுக்காத தம்பி. கம்பெனியக் காப்பாத்தணும்ல. நீயும் நானும் வேறயா?"

லோகேஸ்வரன் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "என் கன்ஃபர்மேஷன்?"

"இப்ப அதப் போட்டா நல்லாவா இருக்கும்? அவங்களும் பாக்கறாங்க. ப்ரொபேஷனக் கொஞ்சம் நீட்டிக்குவோம். அதுக்குள்ள அந்த எஸ்எஸ்இய நீயே உக்காந்து எழுதிடு. உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

"அதத்தான நான் மொதல்லயே..."

"முடிஞ்சத ஏன் பேசற? அண்ணன்கிட்டயே கணக்கா?"

எழுதினான். வேறு என்ன செய்வான்? ப்ரொபேஷனிலேயே வெளியேறியவன் என்ற பேரோடு அடுத்த வாசலில் போய் நிற்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. எஸ்எஸ்இ எழுத அவனுக்கு அதிக நேரமும் பிடிக்கவில்லை; ஆய்வுக்காக எழுதிய நிரல் பாதிக்கு மேல் அப்படியே உதவியது. சும்மா கிடக்கும் நேரத்தில் பிராக்ஸி வெட்டாமலிருக்க, சர்வரிலிருந்து அவ்வப்போது ஒரு வெற்று வரியை அனுப்பவும் வைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அவனே போய்க் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தொழுகை முடிந்து கவுண்டர் திறந்தது. எண் மாறியது. திரையும் மாறியது. குரல் கூப்பிட்டது. ஒரு முதியவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். தான் சொன்னது சரிதான் என்பது அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது. அப்படித் தெரிந்திருப்பதால் ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லை என்பதும் அங்கேதான் அவனுக்கு விளங்கியது.

மாதக் கூட்டத்தில் ஜாஹிர் திரையில் படம் போட்டுக் காட்டினார். நம் நிறுவனத்தின் புதிய கட்டமைப்பு, ஒருவழி, எளிமை, தானே மீண்டும் இணையும். நாசி கண்டார் கடை உதாரணம்கூட வந்தது. ரொட்டி, கல், குரல் எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். இர்வான் மட்டும் சிரிக்காமல் லோகேஸ்வரன் காதருகே குனிந்தான்.

"ப்ரோ, உன் ரொட்டியையும் சேத்துத் தின்னுட்டாரு."

ஃப்ளாட் வீட்டுக்காரம்மா ஒரு வாரம் பொறுத்தாள். இன்னொரு வாரமும் பொறுத்தாள். பிறகு அரசாங்க மருத்துவமனைத் தாதி ஒருத்திக்குச் சாவியைக் கொடுத்துவிட்டாள். நல்ல மனுஷி; அவளே கூப்பிட்டுச் சொன்னாள். தோட்டத்திலோ மண்வாரி இயந்திரங்கள் பின்வரிசை வீடுகள்வரை வந்துவிட்டன. கடைசியில் கிடைத்தது பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில், ஷேக் அலாவுதீன் என்பவரின் கார் பழுதுபார்க்கும் காடி பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அடுப்புக்கு இடம் வெளியே, தகரக் கூரைக்குக் கீழே.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து நின்றது. முனுசாமி மாதக்கணக்காகக் கட்டி வைத்திருந்த கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. லோகேஸ்வரனின் அம்மா கயிற்றை அவிழ்க்காமல் அறை வாசலிலேயே நின்றாள். எண்ணெய்க் கறை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஷேக் அலாவுதீன் வந்து பார்த்தார்.

"இவரு உங்க மகனா?"

முனுசாமியின் முதுகு நிமிர்ந்தது. "ஆமாங்க. எங்க தோட்டத்துலயே மொத பட்டதாரி. ஜார்ஜ் டவுன்ல கம்ப்யூட்டர் இஞ்சினியரு."

"மாஷா அல்லாஹ். அப்புறம் ஏன் இந்த அறைக்கு வந்தீங்க? ஃப்ளாட் கிளாட் பாக்கலாமே?"

முனுசாமி மகனைப் பார்த்தார். லோகேஸ்வரன்தான் பதில் சொன்னான்: "வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகல பாய். ப்ரொபேஷன நீட்டியிருக்காங்க."

"நீட்டியிருக்காங்களா? சும்மா நீட்ட மாட்டாங்களே. என்ன தப்பு பண்ணீங்க தம்பி?"

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. பட்டறைப் பையன்களிடம் கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை முனுசாமியும் பல நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. லாரியிலிருந்து கையை எடுத்துவிட்டு மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். லோகேஸ்வரன் இரும்பு அலமாரியின் ஒரு முனையைத் தூக்கினான்.

"அந்தப் பக்கம் புடிங்கப்பா" என்றான். "கனமா இருக்கு."